தராசில் தொங்கிய முனியன்

பாய், இன்று காலை இராயபுரத்தில் மீன் வாங்கப் போனேன். மீன்காரப் பாக்கியம் என் கையில் ஓர் இரும்பு நட்டைத் திணித்தாள். "பாயி கண்ண மூடினதுலேர்ந்து அவரு ஞாபகமா இதான் இருந்துச்சு. கரண்டு தராசு வாங்கிட்டோம், இனிமே இது இன்னாத்துக்கு? நீயே வெச்சுக்கோ நைனா" என்றாள். நீ கட்டிக் கொடுத்த நட்டு! வீடு வரும்வரை அதை மோந்துகொண்டே வந்தேன். மீன் நாற்றம் தாங்காமல் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போனார். போகட்டும். அவருக்கு என்ன தெரியும்?

நகரத்தில் நடந்த அந்தப் பதக்கக் கண்காட்சியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற நானும், தண்டையார்பேட்டையில் காயலான் கடை வைத்திருந்த நீயும், உன் கடைக்குப் பழைய பித்தளையோடு வந்து விழுந்த வெண்கலப் பதக்கம் ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விளிம்பை மட்டும் பார்த்தார். "முதல் உலகப் போர்ல மூட்டை தூக்கினவங்களுக்குக் குடுத்தது. சிப்பாய்க்குத்தான் வெள்ளி. இது கலெக்‌ஷன்ல சேராது" என்று நம் பக்கம் தள்ளிவிட்டார். குண்டு விழுகிற இடத்தில் மூட்டை தூக்கியவன் போருக்குப் போகாமல் வேறு எங்கே போனானாம்?

வாசலுக்கு வந்ததும் நீ சிரித்தாய். "வெள்ளியெல்லாம் சேட்டு கடைல உருகிப் போச்சு நைனா. வெண்கலத்த எவனும் சீண்டல. அதான் தப்பிச்சிகினு கீது. நாம இதையே சேப்போம்."

அன்று பிடித்தது நமக்கு அந்தப் பைத்தியம். விளிம்பில் பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், படை எல்லாம் வெட்டியிருப்பார்கள். சரக்குப் பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தே இங்கிலீஷ் கற்றவன் நான். பதவி இருக்கும் இடத்தில் அந்த எழுத்துகளை முதன்முதலில் கூட்டி வாசித்தபோது கத்தியே விட்டேன். கூலி! ராஜா தலை போட்ட பதக்கத்தில் நம் சொல்!

அத்திப்பட்டில் ஒரு பதக்கம் கோழிக்கூண்டுக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. புளியந்தோப்பில் ஒன்று ஆட்டின் கழுத்தில் ஆடிக்கொண்டு வந்தது; அந்த ஆட்டைத் துரத்திக்கொண்டு நாம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! எங்கே போனாலும் உன் சட்டத்தை மீறவிட மாட்டாய்: "மொதல்ல கதைய கேளு. அப்பறம்தான் பதக்கம்."

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பாக்கியத்தின் கடையில் வஞ்சிரத்துக்கு நான் பேரம் பேசிக்கொண்டிருக்க, நீ என் விலாவில் குத்தினாய். அவள் தராசின் ஒரு தட்டுக்கு அடியில் துணி சுற்றிய வட்டம் ஒன்று தொங்கியது.

"இன்னா தங்கச்சி அது, தராசுல?"

"எடைல ஏமாத்தறேன்னு சொல்றியா பாய்? ஒரு தட்டு லேசு, அதுக்குக் கட்டினது. எங்க மாமியா காலத்துக் காசு."

"காசுக்கு எதுக்குத் துணி?"

"அவுத்துப் பாரு, தெரியும். ஒரு பக்கம் ராஜா தலை. இன்னொரு பக்கம் குதிரை மேல ஒருத்தன் அம்மணமா குந்திகினு கீறான். நாலு பேரு வந்து போற எடத்துல அத்த எப்படித் தொங்க விடறது?"

பக்கத்துக் கடைகளெல்லாம் சிரித்தன. அம்மணக் குதிரைக்காரன் எந்தப் பதக்கத்தில் இருப்பான் என்று நமக்குத் தெரியாதா? உன் சட்டைப் பையிலிருந்து புளி உருண்டை வெளியே வந்தது. விளிம்பை நீ தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நான் உரக்க வாசித்தேன். கூலி. முனியன். தொழிலாளர் படை.

பாக்கியத்தின் அரிவாள் நடுமீனில் நின்றது. "எங்க மாமனாரோட அப்பா பேராச்சே அது! எவளையோ இஸ்துகினு ரங்கூனுக்கு ஓடிட்டாருன்னு இல்ல சொல்வாங்க? இது தபால்ல வந்துச்சாம். ரங்கூன்காரி அனுப்பின காசுன்னு அவரு பொண்டாட்டி ஏறெடுத்துகூட பாக்காம வீசிட்டாங்களாம். எங்க மாமியாதான் பொறுக்கி வெச்சுது. இன்னிக்கும் எங்க வூட்ல எவனாவது தப்பு பண்ணா, முனியன் ரத்தம்னுதான் திட்டு வுழும்."

"ஓடல தங்கச்சி. சண்டைக்குப் போயிருக்காரு. பேர் வெட்டி அனுப்பியிருக்காங்க பாரு."

புதுத் தராசே வாங்கித் தருகிறேன், இதைக் கொடு என்றேன். அவளும் கொடுத்திருப்பாள். நீ என் கையைத் தட்டிவிட்டு, உன் கடைக்கு ஓடிப்போய், பதக்கத்தின் எடைக்குச் சரியான ஒரு நட்டைப் பொறுக்கி வந்து தராசில் கட்டினாய். பதக்கத்தை அவள் கையில் வைத்து மூடினாய். "வூட்டுக்குக் கொண்டு போ. அவரு பேர சொல்லு."

வழியெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். உப்புக்காற்று அதைத் தின்றுவிடும், அடுத்த தலைமுறை மறுபடி வீசிவிடும், நம் பதக்கப் பெட்டியில்தான் அது பத்திரம் என்றேன். "வூடு வந்து சேந்த மனுசன மறுபடி பொட்டில பூட்டுவியா நைனா?" என்று கேட்டாய். இப்போதும் சொல்கிறேன், நம் பெட்டிதான் பத்திரம். உன்னிடம் தோற்றதாக நான் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இன்று காலை, பதக்கம் இருக்கிறதா என்று அவளை அதட்டித்தான் கேட்டேன். பாக்கியம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இன்னா நைனா இப்டி கேட்டுட்டே? என் பையன் கல்யாணப் பத்திரிகைலயே போட்டோமே! 'போருக்குச் சென்ற முனியன் அவர்களின் கொள்ளுப்பேரன்'னு. மொத வரியே அவரு பேருதான்."

பாய், அதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும்.

முனியனுக்காக நம் பெட்டியின் வெல்வெட்டில் அன்றே ஒரு குழி வெட்டி வைத்திருந்தேன். இத்தனை காலமும் அது காலிதான். இன்று அதில் உன் நட்டை வைத்தேன். பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. மூடி சரியாகச் சாத்தவில்லை. இருக்கட்டும். இது என்ன பதக்கம் என்று யாராவது கேட்கட்டும். காட்ட மாட்டேன். முதலில் கதையைக் கேள் என்பேன்.