கட்டிலில் இருந்து அடிக்காத மணி

என் பொன்னுத்தாய்,

நேற்று உன் புருஷன் கண்பத் வீட்டில் மானம் போய் வந்தான், கேள். கண்பத் கால் முறிந்து மரக்கட்டிலில் கிடக்கிறானே என்று, உனக்காக நான் செய்து, நீ கண்மூடிய பிறகு சும்மா கிடந்த மணியைக் கொண்டுபோய்ப் பொருத்தினேன். சுவிட்சை அழுத்தக்கூட உன் விரலில் தெம்பில்லை என்று, மாட்டுங்காவில் வாங்கிய பழைய ரேடியோவை உடைத்துச் செய்தேனே, அதுதான். "செம்புத் தகட்டில் விரல் பட்டாலே போதும்" என்று பெருமையடித்தேன். நான் தொட்டேன், அடித்தது. அவன் தொட்டான், சத்தமே இல்லை.

"அண்ணா, யே கண்டி ஸிர்ஃப் துமாரா ஹாத் பெஹ்சான்தா" என்றான். என் கையை மட்டும்தான் அதற்கு அடையாளம் தெரியுமாம். அவன் பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் என்ஜினியர் வேலை பார்த்தால் இப்படித்தான். ரேடியோ வால்வை மாற்றினேன். தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். திருகை ஒரு மயிரிழை கூட்டினால் யாரும் தொடாமலே அலறியது. கடைசியில் "தள்ளிப் படுப்பா" என்று கண்பத் பக்கத்தில் நானும் ஏறிப் படுத்துத் தொட்டேன். அடிக்கவில்லை. ஒரு காலைத் தொங்கவிட்டுத் தரையில் ஊன்றினேன். அடித்தது.

வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கிறவனுக்குத்தான் அது அடிக்கும். பஞ்சு மெத்தையில் கிடக்கிறவர்களுக்கு அடிக்காது. நானோ செய்த நாளிலிருந்து நின்றபடியே தொட்டுப் பார்த்திருக்கிறேன். உன் கட்டிலும் மரம்தானே, பொன்னு?

மெத்தைக்கு அடியில் ஒரு தகரத்தைப் போட்டு, அதிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கம்பி இழுத்தேன். இப்போது அவன் தொட்டால் அடிக்கிறது. வேலை அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நம் செல்வியிடம் கேட்டேன். அவள் அரிசி களைவதை நிறுத்தாமலே சொன்னாள்: "அம்மாவுக்கு ஒரு நாளும் அடிக்கலப்பா. டம்ளரால கட்டிலத் தட்டுவா, நான் ஓடிருவேன். 'அப்பா ஆசையா செஞ்சிருக்காவ, சொல்லிராதட்டி'ன்னா."

கீழே நம் கடையில், மணி அடிக்காத நாளெல்லாம் உனக்கு வலி குறைந்துவிட்டது என்று நினைத்துத் தராசில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி "இன்னைக்கும் கூப்பிடலையே" என்றால், "ஒண்ணும் தேவைப்படலைங்க" என்பாய். எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்?

இனி யாருக்கு மணி செய்து கொடுத்தாலும், முதலில் அவர்கள் கட்டிலில் நான் படுத்துத் தொட்டுப் பார்ப்பேன். இது சத்தியம்.

செல்வியிடம் ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, நீ டம்ளரைத் தட்டினால் யார் வந்தார்கள்?

கீழேதான் உட்கார்ந்திருந்த,
உன் வீட்டுக்காரன்