பட்டனும் பிஷப்பும்

ஜூன் 3, சனி
கல்யாணமாகி ஒன்பது நாள் கழித்து டெஸ்மண்ட் இன்றுதான் முழுசாக என் வீட்டுக்குக் குடிவந்தான். மூன்று பெட்டி, இரண்டு தூண்டில், தலையணை உறைக்குள் சுருண்டபடி பட்டன். அது சின்ன மலைப்பாம்பு. என் இடுப்புயரம்கூட நீளமில்லை. அவனுடைய முதல் மனைவி ஐரிஸ், இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு வாங்கியது.

என் மலைப்பாம்பு பிஷப் பதினோரு அடி. பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறது. போர்ட் எலிசபெத்தில் பாம்பு வளர்க்கும் கிரேன் டிரைவர் ஒருவன் எனக்கென்று கிடைத்தானே என்று தங்கை சிரிக்கிறாள். நானும்தான்.

ஜூன் 11
ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மின்வெட்டு. இங்கே ஜூன் குளிர்காலம்; கடல்காற்று எலும்பில் ஏறுகிறது. பேட்டரி ஒரு பாம்புப் பெட்டியின் ஹீட்டரைத்தான் தாங்கும். டெஸ்மண்ட் பட்டனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நாமளே ஒரே வீட்டுல இருக்கோம். இதுங்க மட்டும் எதுக்குத் தனித்தனியா?"

பெரியதையும் சின்னதையும் ஒன்றாக விடக் கூடாது. வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். இவனிடம் எப்படிச் சொல்வது? ஐரிஸின் பாம்புக்கு இங்கே இடமில்லை என்று ஆகிவிடாதா?

பிஷப்பின் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

ஜூன் 14
கட்டிப்பிடித்துத் தூங்குகின்றனவாம். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறான். சூடான மூலைக்குப் போட்டி, அவ்வளவுதான். பட்டன் அடியில் நசுங்கிக் கிடக்கிறது.

ஜூன் 24
பட்டன் இரண்டு வாரமாக இரை எடுக்கவில்லை. இன்று சொல்லிவிடுவது என்று காபியோடு உட்கார்ந்தேன். ஐரிஸ் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போன கதையை எடுத்துவிட்டான். சிரித்தேன். சொல்லவில்லை.

ஜூலை 2, ஞாயிறு
மணிக்கட்டில் கட்டு. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம் டெஸ்மண்ட் பட்டனை வாளியில் வைத்து எலிக்குஞ்சு கொடுத்திருக்கிறான். அது விழுங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் உடனே திரும்பப் பெட்டிக்குள் விட்டுவிட்டான் — எலி வாசனையோடு. நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை. "யோலாண்டா" என்று மட்டும் கூப்பிட்டான். அந்தக் குரல்.

பிஷப் பட்டனைக் கவ்வி மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. இவன் இழுக்கப் போனான். "இழுக்காதே, கிழிஞ்சிடும். வால்லேர்ந்து பிரிச்சிட்டு வா" என்றேன். நெடிக்குப் பிடியை விடட்டும் என்று பிராந்தியைப் பஞ்சில் நனைத்து பிஷப்பின் வாயோரம் பிழிந்தேன். என் பிஷப்புக்கு, என் கையால். ஒரு நிமிடமா, ஐந்தா — தெரியாது. விட்டது. விட்ட வேகத்தில் திரும்பி என் மணிக்கட்டில் ஒரு கடி.

பட்டனுக்கு மூச்சு இருந்தது.

அவன் எனக்குக் கட்டுப் போடும்போதுதான் சொன்னேன். "முதல் நாளே எனக்குத் தெரியும் டெஸ்மண்ட். ஐரிஸோடதை நான் ஒதுக்கறேன்னு நீ நெனச்சிடுவியோன்னுதான் வாயைத் திறக்கல."

கட்டின் முடிச்சைப் போட்டு முடித்தான். அப்புறம், "அவளா இருந்தா என்னைத் திட்டித் தீர்த்திருப்பா. நீயும் திட்டு. நீ திட்டாம இருந்தா, நான் இங்க விருந்தாளி மாதிரிதானே இருக்கேன்" என்றான்.

ஜூலை 3
திட்டினேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்கும் சேர்த்து.

ஜூலை 9
பட்டனுக்கு நான்கு தையல். பிழைத்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். அதற்குத் தனிப் பெட்டி, தனி ஹீட்டர், இன்னொரு பேட்டரி எல்லாம் வந்துவிட்டன. பிஷப்பின் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. அது என்ன பண்ணும் பாவம்? வாசனை வந்தது, கவ்வியது. தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கனம் பழகிய கனம்தான்.

ஆகஸ்ட் 12
பட்டன் என் கையிலிருந்தே இரை எடுத்தது. டெஸ்மண்ட் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

ஆகஸ்ட் 19, சனி
ஐரிஸின் பிறந்தநாள். வருடாவருடம் தனியாகத்தான் கல்லறைக்குப் போவான். இன்று கார் சாவியோடு வாசல் வரை போனவன் திரும்பி, "ஷூ போட்டுக்கோ. உன்னைப் பத்தி அவகிட்ட இன்னும் ஒண்ணுமே சொல்லல" என்றான்.

வழியில் ஒரு கடையில் வெள்ளைப் பூ வாங்கினான். ஐரிஸுக்கு வெள்ளைதான் பிடிக்குமா என்று கேட்டேன். இல்லை, மஞ்சள்தானாம். ஆனால் அந்தக் கடையில் மஞ்சள் வாடியிருந்ததாம்.

அப்படியானால் இது வேண்டாம், வேறு கடைக்கு வண்டியைத் திருப்பு என்றேன்.