இறந்தோர் பட்டியலில் சவரிமுத்து

நவம்பர் 1, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. சகல புனிதர் திருநாள். பூசைக்கு வந்தவர்களைவிடக் குடைகள் அதிகம் போலத் தெரிந்தது. கூரை மறுபடியும் பூசை உடுப்பறைக்கு மேலேயே ஒழுகுகிறது. இத்தனை பெரிய கூரையில் அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

நாளைக்கு: மெழுகுவர்த்தி. தூபத்துக்குக் கரி. தீர்த்தச் செம்பு துலக்க. டவுனிலிருந்து பங்குச் சாமி வர ஜீப் சொல்ல. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட ஆள். எஸ்டேட் கோயிலுக்கு உபதேசியார் என்றால் ஜெபம் சொல்கிறவன் என்று ரீத்தாவைக் கட்டும்போது அவள் அப்பாவிடம் சொன்னார்கள். மணியடிப்பதும் கரப்பான்பூச்சி விரட்டுவதும் அதில் சேர்த்தி என்று சொல்லவில்லை.

புல் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. தேயிலை விலை விழுந்து ஃபாக்டரியை மூடியதிலிருந்து ஆண்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். கொழுந்து பறிக்காத செடிகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. நானே வெட்டலாம் என்று மத்தியானம் அரிவாளோடு போனால், மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காடையாகக் கவிழ்த்துக்கொண்டு ஒரு உருவம் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறது. பிலோமினா. எஸ்டேட் வீட்டு வரிசையில் அஞ்சாம் லைன். கேத்திக்கு நடந்துபோய் காரட் பிடுங்கும் வேலை, மழையால் இன்று இல்லையாம்.

"சும்மா உக்காந்திருந்தா கண்டதையும் நெனைக்கத் தோணுதுங்க" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் பார்த்தவர். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். ஆடியில் ஒரு கடிதம் வந்ததாகத் தெரியும். அதற்குப் பிறகு? கேட்கலாமா என்று நினைத்தேன். குனிந்து என் பங்குக்கு வெட்டினேன்.

ஒவ்வொரு சிலுவையைச் சுற்றியும் கையால் களை பிடுங்கியிருக்கிறாள். சொந்தக்காரர்களே மறந்துபோன மூலைக் கல்லறைகளையும் விடவில்லை. கூலி என்று ஆரம்பித்தேன். முறைத்தாள்.

நவம்பர் 2, வெள்ளி. கல்லறைத் திருநாள்

காலை பனி. பிறகு தூறல். பெரிய தப்பு செய்துவிட்டேன். முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

கோயில் வாசலில் இரண்டு பிஸ்கட் டின். சிவப்பு டின்னில் உயிரோடிருப்பவர்களுக்கான வேண்டுதல் சீட்டு. கறுப்பு டின்னில் இறந்தவர்களின் பெயர். சாயங்காலம் பூசையில் கறுப்பு டின் சீட்டுகளை நான் வாசிக்க வேண்டும். திறந்தால் இரண்டு டின்னிலும் தண்ணீர். தட்டில் தூபக் கரி நெருப்பைக் கொட்டி, இரண்டு டின் சீட்டுகளையும் சுற்றிப் பரப்பிக் காயவைத்தேன். அதற்குள் ஜீப் ஹாரன். எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளினேன்.

பிரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "ஃபாக்டரி திறக்க", "மகளுக்கு நல்ல வரன்", "மூட்டு வலி" என்று எழுதியிருந்ததையெல்லாம் எடுத்துத் தனியே வைத்தேன். மீதி எல்லாம் வெறும் பெயர்கள். வெறும் பெயர் என்றால் இறந்தவர். இத்தனை வருடமாக அப்படித்தான்.

கீறல் விழுந்த பழைய கண்ணாடி வழியே வேகமாக வாசித்தேன். வாய் வாசித்தது, புத்தி கல்லறைக்கு எத்தனை குடை வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. "ம. சவரிமுத்து" என்றேன். பெண்கள் பக்கம் சலசலப்பு. யாருக்கோ மயக்கம் போல என்று நினைத்து, "அமைதி" என்று அதட்டவும் செய்தேன். நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கல்லறைகளை மந்திரித்து, சாமி புறப்பட்டு, கூட்டம் மழைக்குப் பயந்து கலைந்த பிறகு பிலோமினா உடுப்பறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஏனுங்க உபதேசியாரே, எப்பங்க தகவல் வந்துச்சு?"

"என்ன தகவல்?"

"அவரு போன தகவல்."

குப்பையைக் கிளறி அந்தச் சீட்டை எடுத்தேன். நோட்டுத் தாளில் கிழித்தது. அவள் கையெழுத்து. "ம. சவரிமுத்து", வேறு ஒரு வார்த்தை கிடையாது. எந்த டின்னில் போட்டாய் என்றேன். சிவப்பு என்றாள். கரி, தட்டு, ஹாரன் எல்லாம் சொன்னேன். தகவல் எதுவும் வரவில்லை, என் புத்திகெட்ட வேலை, மன்னித்துக்கொள் என்றேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அப்போ, உசுரோட இருக்காருன்னும் உங்களுக்குத் தெரியாது."

தெரியாது.

என்ன வேண்டுமென்று எழுதியிருக்கலாமே அம்மா என்றேன், தப்பை அவள் தலையில் பாதி ஏற்றலாம் என்ற அற்பப் புத்தியில்தான்.

"என்னன்னு எழுதறதுங்க? திரும்பி வரணும்னு எழுதுனா, வுட்டுட்டுப் போயிட்டாருன்னு நீங்க ஊருக்கே படிச்சுருவீங்க. பேரு போட்டா ஆண்டவருக்குத் தெரியும்னு நெனைச்சேன்."

நவம்பர் 3, சனி

மழை இல்லை. துக்கம் விசாரிக்கக் கூட்டம்.

காலையிலேயே ஒவ்வொரு லைனாகப் போய்ச் சொல்லிவரக் கிளம்பினேன். நான் போன வேகத்தைவிடச் செய்தி போன வேகம் அதிகம். அஞ்சாம் லைனில் அரிசி, சீனி, தேயிலைத் தூள் என்று ஆளுக்கொரு பொட்டலத்தோடு நிற்கிறார்கள். கோயிலுக்கு வராத முனியம்மா கூட ஒரு படி அரிசி. அவள் வீட்டிலேயே அடுப்பு ஒரு வேளைதான்.

"செத்தவரு உசுரோட இருக்காரா?" என்றாள் முனியம்மா. "நான் நேத்து ராத்திரி பூரா அழுதனே!"

"உபதேசியாரு சொன்னா சரியாத்தான இருக்கும்?" என்று இன்னொரு குரல். என் மேல் இத்தனை நம்பிக்கை இருப்பது இன்றுதான் தெரிந்தது. சந்தோஷப்பட முடியவில்லை.

பிலோமினா ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. எல்லோருக்கும் பாலில்லாத கட்டஞ்சாயா. என்னைத் திண்டாட விடாமல் அவளே சொன்னாள்: "சீட்டு மாறிப்போச்சுங்க. அவரு நல்லாத்தான் இருப்பாரு. குடிச்சுட்டுப் போங்க."

பொட்டலங்களை என்ன செய்வது? கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போக யாருக்கும் மனசில்லை, துக்க வீட்டுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாதாம். பிலோமினா ஒரு சாக்கில் எல்லாவற்றையும் போட்டாள். ரெண்டாம் லைனில் மூன்று வீடுகளில் இரண்டு நாளாக உலை வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்பிய ஜெபக் கூட்டத்தில் இத்தனை வருடம் பிரசங்கம் செய்த எனக்குத் தெரியவில்லை. சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே போனேன். அந்த வீட்டுக்காரிகள் கூச்சப்பட்டார்கள்.

"வாங்கிக்குங்க. எங்கூட்டுக்காரரு செத்ததுக்கு வந்தது. அவரு சாகல, நீங்க சாப்புடுங்க" என்றாள். அவர்களும் சிரித்துவிட்டார்கள், அவளும் சிரித்தாள். நான் காலிச் சாக்கை மடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

நவம்பர் 4, ஞாயிறு

வெயில். சாமியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு பிலோமினா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "நீங்கதான் வாசிச்சீங்க, நீங்களே திருத்துங்க."

பிரசங்கத்துக்குப் பிறகு எழுந்து நின்றேன். சவரிமுத்து இறந்ததாக வாசித்தது என் தவறு, அவர் உயிரோடு இருக்கிறார் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகத் தெரியவில்லை: "எங்க இருக்காருங்க?"

கோயிலே என்னைப் பார்த்தது. நான் பீடத்தைப் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்தில் பிலோமினா எழுந்தாள். "தெரியாதுங்க" என்றாள். "ஆடியில ஒரு கடுதாசி. அப்புறம் ஒண்ணுமில்ல. எங்க இருக்காரு, ஏன் எழுதலன்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தான் சீட்டுப் போட்டேன். யாராச்சும் அந்தப் பக்கம் போனா பாத்துச் சொல்லுங்க." உட்கார்ந்தாள். எதை மறைக்கத்தான் வெறும் பெயரை எழுதினாளோ, அதை அத்தனை பேர் முன்னால் அவளே சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

பூசை முடிந்ததும் மூன்று பெண்கள் அவளிடம் போய் மெதுவாகப் பேசினார்கள். அவர்கள் வீட்டு ஆண்களிடமிருந்தும் கடிதம் இல்லையாம். இத்தனை நாள் மூச்சு விடவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

பனி, பத்தடி தெரியவில்லை. டெலிபோன் பூத் கடைக்காரர் கூப்பிட்டார். திருப்பூரிலிருந்து நம் எஸ்டேட் ஆள் ஒருவர் பேசினாராம். சவரிமுத்து இறந்த செய்தி அங்கே எல்லோருக்கும் தெரியும், அடக்கம் எப்போது என்று கேட்டாராம். சாகவில்லை என்று இவர் சொல்ல, "கோயில்லயே படிச்சாங்களாமே" என்றாராம். சவரிமுத்துவை அங்கே பார்த்து ரொம்ப நாளாகிறதாம். பனியன் கம்பெனி சாயப்பட்டறையில் ஆள் குறைத்தபோது போனவர்தானாம்.

பிலோமினாவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். காரட் மண் அப்பிய கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 8, வியாழன்

தூறல். நான் தொடாத தட்டை ரீத்தா எடுத்துப்போனாள். "நீங்க பட்டினி கெடந்தா அந்தாளு வந்துருவாரா?" வரமாட்டார்.

வாசலில் ஒரு கட்டு காரட். யார் வைத்தது என்று ரீத்தா சொல்லவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. என்னால் வந்த வினைக்கு எனக்கே ஆறுதல் அனுப்புகிறாள்.

குடையில் கம்பி ஒன்று உடைந்தது.

நவம்பர் 10, சனி

வெயில்! மெழுகுவர்த்தி வாங்கி டவுனிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினேன். பின்வாசலில் இறங்கிய ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போய், தாடி, கையில் மஞ்சள் பை.

"தோத்திரமுங்க உபதேசியாரே. நான்தானுங்க, நீங்க படிச்ச சவரிமுத்து."

கையைப் பிடித்தேன். தோளைத் தொட்டேன். மெழுகுவர்த்திக் கட்டு ரோட்டில் விழுந்து உடைந்தது. நடுரோட்டில் அழுதேன், வெட்கமாக இல்லை.

நடந்துகொண்டே சொன்னார். சாயப்பட்டறை வேலை போனதும் ஈரோட்டில் மூட்டை தூக்கினாராம். வெறுங்கையோடு என்ன எழுதுவது, ஏதாவது சேர்ந்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, பிறகு எழுதவே பயமாகிவிட்டதாம். முந்தாநாள் சந்தையில் நம் ஊர் ஆள் ஒருவர் இவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தாராம்; கோயிலில் படித்ததை அவர்தான் சொன்னாராம்.

"எம்பொண்டாட்டி தாலிய அறுத்திருப்பாளான்னுதான் மொதல்ல தோணுச்சுங்க. கெளம்பிட்டேன்."

பிலோமினா லைன் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை அவரிடம் பேசவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"உபதேசியாரே, இவருதானான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் ஊரு நம்பும்."

"இவர்தாம்மா" என்றேன்.

அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ஒரு வாரமாக நான் கேட்காத அழுகையை அப்போதுதான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். நான் வந்துவிட்டேன்.

நவம்பர் 11, ஞாயிறு

லேசான பனி. வேண்டுதல் சீட்டுகளை இன்று வேறு யாராவது வாசிக்கட்டும் என்று சாமியிடம் கெஞ்சினேன். "நீங்கதான்" என்றார். சிவப்பு டின்னை மட்டும் எடுத்தேன். கறுப்பு டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டே வந்தேன்.

நிதானமாக, ஒவ்வொரு சீட்டாக. ஃபாக்டரி திறக்க. மறுபடி ஃபாக்டரி திறக்க. பேரனுக்குக் காய்ச்சல். திருப்பூரில் இருக்கும் மகன் கடிதம் எழுத, பெயரோடும் லைன் நம்பரோடும். கணவர் கடிதம் எழுத. இன்னொரு கணவர் கடிதம் எழுத. போன வாரம் வரை இப்படி ஒரு சீட்டுகூட வந்ததில்லை.

அடுத்தது நோட்டுத் தாளில் கிழித்தது. கையெழுத்து தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை, வாசித்தேன்: "நம்ம உபதேசியார் அந்தோணி ஒரு வாரமாய்ச் சரியாய்ச் சாப்பிடவில்லை. அவர் வயிறாரச் சாப்பிடவும், தப்பு செய்துவிட்டோம் என்ற வருத்தம் அவரை விட்டுப் போகவும், நல்லதாய் ஒரு கண்ணாடி அமையவும். பிலோமினா, அஞ்சாம் லைன்."

"ஆண்டவரை மன்றாடுவோம்" என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. கோயில் காத்திருந்தது. ஆண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து, எனக்காகக் காத்திராமல், ஒரே ஒரு குரல் உரக்க எழுந்தது. போன வாரம் நான் சாகடித்தவரின் குரல்:

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."