கடைசிப் பந்தி

வெள்ளி இரவு. நோன்புக்கு மூன்று நாள்.

தங்கச்சியையும் அவள் மகளையும் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தேன். பிள்ளையின் கண்ணுக்குப் பின்னால் கட்டி. கண்ணை எடுக்க வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் இங்கிலீஸ் கட்டுரையொன்றைத் தங்கச்சிக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மெல்லிய தகட்டில் லேசரை அடித்தால் புரோத்தன் கதிர் கிளம்பும். அது கட்டியோடு நின்றுவிடும், கண் தப்பும் என்று வகுப்பில் படிப்பிக்கிற மாதிரி விளக்கினேன்.

"இஞ்ச வருமா காக்கா?" என்று கேட்டாள்.

வரும் என்றேன். மச்சானைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவளிடம் இல்லை என்று சொல்ல அண்ணனான எனக்கு வாய் வருவதில்லை. ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டாள்.

இன்று டொக்டரிடம் அந்தத் தாளை நீட்டினாள். அவருக்குத் தமிழ் தெரியாது. நானே வாசித்துச் சொன்னேன். அது இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது என்றார். கட்டி பரவிவிட்டது என்றார்.

சண்டை முடிந்தும் வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கிச் சோதித்தார்கள். திரும்ப ஏறி உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்.

"யோசிக்காதீங்க காக்கா. நீங்களும் தெரியாமத்தானே சொன்னீங்க."

இன்னும் ஆய்வுகூடத்தில்தான் என்று கட்டுரையின் கடைசிப் பந்தியில் இருந்தது. அதை மட்டும் நான் தமிழில் எழுதவில்லை.