எட்டுப் பேரோடு வந்த தண்ணீர்

சித்தி,

இன்று தமிழ்ப் பாட வேளையில் என் வலதுகைப் பெருவிரல் நகத்துக்குள் ஏதோ வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். பேனை முனையால் கிளறினாலும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவள், "என்னடி, வீட்டுக்கு வெள்ளை அடிச்சனியா?" என்று கேட்டாள். அது படகின் ஓட்டை அடைக்கும் பசை. சனிக்கிழமை ஒட்டியது திங்கட்கிழமையும் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பாதிப் பாடம் காதில் விழவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் படகை ஓட்டுவீர்கள், நான் படகின் கையேட்டை வாசிப்பேன். அதுதான் நம் இருவரின் ஒப்பந்தம். முகத்துவாரத்துப் படகுத் திடலில் நீங்கள் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "புரொபெசர், அடுத்த பந்தியை வாசி" என்பீர்கள். நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வேன். எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும், சுழலியைத் தாங்கும் கால் வெளியே தண்ணீரில் நிற்கும், இரண்டும் சேரும் இடத்தில் படகின் பின்பலகையில் ஒரு பெரிய துளை இருக்கும் என்று வாசித்த அன்று நான் பயந்துபோனேன். "துளையோடயா சித்தி கடலுக்குப் போறீங்கள்?" என்றேன். அந்தத் துளையை மூடியிருந்த, மடிப்பு மடிப்பான கறுத்த ரப்பரைத் தட்டிக் காட்டினீர்கள். "இவர் இருக்கிறவரைக்கும் கடல் வெளியில. இவர் கிழிஞ்சா நீயும் நானும் நீச்சல்."

கடலடியில் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்க்கச் சுழியோடிகள் வருவார்கள். வழக்கமாக நாலு பேர். அவர்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் போகும் சனிக்கிழமைகளில் நானும் வருவேன். எனக்கென்று ஒரே ஒரு வேலை தந்திருந்தீர்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கரையில் திறந்து விடும் அடித்துளைக்கு, படகு இறங்கும் முன் பித்தளை மூடியைப் பூட்ட வேண்டும்.

அந்த நாளைப் பற்றி நாம் கதைத்ததே இல்லை. அன்று எட்டுப் பேர், எட்டுக் காற்றுச் சிலிண்டர்கள். எல்லாம் பின்பக்கம். திரும்பும் வழியில் ஒருவர் கத்தியபோதுதான் பார்த்தோம், எஞ்சினைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர். நீங்கள் பம்பைப் போட்டுவிட்டு, "எல்லாரும் முன்னுக்கு வாங்கோ, ஓடாமல் வாங்கோ" என்றீர்கள். குரல் நடுங்கவில்லை. கரைக்கு வந்து சேர்ந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீங்கள் படகின் பின்னால் குனிந்து, அந்த மூடியில் கைவைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டை போய்க் குளி" என்று மட்டும் சொன்னீர்கள்.

சித்தி, அன்று காலை மூடியைப் பூட்டும்போது என் இடக்கையில் கதைப்புத்தகம் இருந்தது. கடைசி அத்தியாயம். ஒரு கையால்தான் முறுக்கினேன். இறுக்கினேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

அந்தக் கிழமை நீங்கள் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்ததும் எனக்குக் கேட்டது. "ரப்பரைக் கழட்டிப் பாத்தனான் அக்கா, ஒரு கீறலும் இல்லை." ரப்பர் இல்லையென்றால் மூடிதான் என்று முடிவு கட்டினேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாம் கிழமை உங்களுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கைகாட்டினேன். கண்ணாடி வழியாகச் சொல்லக்கூடிய விஷயமா அது? அங்கிருந்து நீங்கள் வீடு திரும்பவேயில்லை.

நான்கு மாதம் படகு திடலிலேயே கிடந்தது. திடலைப் பார்த்துக்கொள்ளும் நானா அம்மாவைக் கேட்டார், படகைத் தான் ஓட்டலாமா என்று. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஆட்களை ஏற்ற மாட்டாராம். "அந்தப் புஸ்தகம் வாசிக்கிற புள்ளய அனுப்புங்க" என்றாராம். போகப் பயமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை எஞ்சினுக்கும் பின்பலகைக்கும் நடுவில் நான் மல்லாந்து கிடந்தேன். அந்த இடுக்கில் நுழையக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். எல்லாவற்றையும் துணியால் துடைத்து உலர்த்தி, குழந்தைப் பவுடரைத் தூவியிருந்தோம். ஒரு சொட்டு வந்தாலும் பவுடரில் கோடு விழும். நானா வெளியே ஹோஸ் பைப்போடு நின்றார்.

"கீழ இருந்து மேல வருவோம் புள்ள. ஒவ்வொரு எடத்துக்கும் அஞ்சு நிமிசம். மொதல்ல மூடி."

டோர்ச் வெளிச்சத்தில் அந்தப் பித்தளை மூடியைப் பார்த்தபடி கிடந்தேன். ஐந்து நிமிடம். பவுடர் பவுடராகவே இருந்தது. ஆனால் இந்த முறை அதைப் பூட்டியவர் நானாதான். அதனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை. படுத்த இடத்திலிருந்தே, அவருடைய முகம் தெரியாத தைரியத்தில், முழுவதையும் சொல்லிவிட்டேன். புத்தகம், ஒரு கை, எல்லாம்.

வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு நானா சிரிக்கத் தொடங்கினார்.

"அடப் புள்ள! நீ பூட்டிட்டுப் போன பொறகு ஒங்க சித்தி ஒவ்வொரு முறையும் என்ட ஸ்பெனர வாங்கி ஒரு முறுக்கு முறுக்குவா. அன்டைக்கும்தான். திரும்பி வந்து கழட்டவும் ஸ்பெனர் தான் வேண்டிருந்திச்சி. 'புரொபெசருக்குச் சொல்லிராதீங்க நானா, கோவிச்சிக்குவா' என்டு சொன்னா."

கோபம் வந்தது, உண்மைதான். எத்தனை சனிக்கிழமை எனக்குத் தெரியாமல் முறுக்கினீர்கள்! ஆனால் கோபம் வந்த அதே மூச்சில் நெஞ்சிலிருந்து ஏதோ எழுந்து போனது. எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்தபடியே அழுதேன். நானா, "அழாத, பவுடர் நனயும்" என்றார்.

பிறகும் தேடினோம். ரப்பர், உலர்வு. கியர் வயர் நுழையும் சின்ன ரப்பர், உலர்வு. சுழலியின் காலைப் பின்பலகையோடு இறுக்கும் ஆணிகள், உலர்வு. இனி ஒன்றுமில்லை என்று நினைத்தபோது, நானா பைப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார். என் காதுக்கு மேலே பவுடரில் ஒரு கோடு மெதுவாக இறங்கியது.

"நானா! இந்தா!"

வெளியே, சுழலியின் காலுக்கு வலப்பக்கத்தில், மாலை மாட்டும் ஒரு சின்னக் கொளுக்கி. அதற்காகப் பலகையில் போட்ட துளை வழியாகத்தான் தண்ணீர் வந்திருக்கிறது. நாலு பேர் இருந்தால் தண்ணீருக்கு மேலே நிற்கும். எட்டுப் பேர் பின்னால் இருந்தால் தண்ணீருக்குள் போய்விடும். அதனால்தான் நீங்கள் எல்லாரையும் முன்னுக்கு வரச் சொன்னதும் நாம் தப்பினோம். அதைப் பூட்டியது யாரென்று உங்களுக்கு நினைவிருக்கும். விஜயதசமிக்குப் படகுக்கும் மாலை போட்டோமே. மாலையை முன்பக்கம் கட்டலாம் என்று நீங்கள் சொல்ல, "எஞ்சின் இருக்கிறது பின்னால, மாலையும் பின்னாலதான்" என்று பிடிவாதம் பிடித்து, யாரிடமோ துளைக்கும் மெஷின் வாங்கிவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொளுக்கி பூட்டியவர் என் அப்பா. "பொம்பிளைக்கு என்னத்துக்குப் படகு" என்று ஒரு வருடம் முணுமுணுத்த அதே அப்பா.

அவரிடம் சொல்வதா விடுவதா என்று பஸ்ஸில் வெள்ளவத்தை வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன். அந்தப் பாரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் வைத்திருப்பதன் பாரமும் தெரியும். இரவுச் சாப்பாட்டில் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

அப்பாவின் கை நின்றது. "அப்ப, நானோ?"

"பல்ப் மாத்தவே ஆள் கூப்பிடுற மனுசன்" என்றார் அம்மா. "உங்களை ஆர் ஓட்டை போடச் சொன்னது?"

அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், எனக்கு யாரும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை அப்பா. சித்தி எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்திட்டா."

சனிக்கிழமை அவரும் வந்தார். கொளுக்கியைக் கழற்றினோம், துளைக்குள் நான் பசையை அழுத்தினேன். நேற்று படகை இறக்கி, வேண்டுமென்றே எட்டுப் பேரைப் பின்னால் ஏற்றினோம். அப்பாவும் ஏறினார், முதல் முறையாக. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, தண்ணி வருதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். நாலாம் முறை நானா முந்திக்கொண்டார். "சேர், கடல் முழுக்க வெளியதான் ஈக்குது."

எல்லாரும் சிரித்தோம். எஞ்சின் அறையின் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை.

உங்கள் மௌனத்தை நான் தப்பாக வாசித்துவிட்டேன், சித்தி. நீங்கள் என்னைக் காப்பாற்றப் பேசாமல் இருந்ததாக நினைத்தேன். நீங்களோ தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். உங்களைக் கேட்காமல் விட்டது மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது. அதற்குப் பசை இல்லை.

நேற்று மூடியைப் பூட்டியவள் நான்தான். இரண்டு கையாலும். பூட்டிவிட்டு, நானாவிடம் நானே போய், "ஒருக்கா முறுக்கிப் பாருங்கோ" என்றேன்.