மெய்க்கு அரை மாத்திரை

மார்ச் 3, திங்கள்

அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல்! டயகம, மேல் லயம், மூன்றாம் காம்பிராவில் வசிக்கும் தேனுஜன் ஆகிய நான், இன்று மாலை முதல் மாத்திரை அமைச்சராக நியமிக்கப்பட்டுள்ளேன். சம்பளம் இல்லை. வாகனம் இல்லை.

மதுரா அக்காவுக்குப் பாப்பா பிறந்து ஒரு மாதம். அக்காவுக்கு வாய் ஓரம் ரெண்டு பக்கமும் வெடித்துப் புண். ஆஸ்பத்திரியில் விட்டமின் பீ மாத்திரை முப்பது, கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அவள் மறந்துவிடுவாள் என்று அம்மா பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். தினமும் சாப்பிட்ட பிறகு ஒன்று.

தமிழ் சார் கணக்குப்படி குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை. அப்ப அக்கா குறில். விடாமல் கத்துற பாப்பா நெடில்.

மார்ச் 5

இந்த மாத்திரையில சரியான பவர் இருக்காம், என் கூட்டாளி துஷாந்த் சொல்றான். 21ஆம் திகதி ஸ்கூல்ல வொலிபோல் ஃபைனல்...

மார்ச் 6

அக்காவுக்கு மஞ்சள் மிட்டாய். எனக்கு மாத்திரை. ரெண்டும் ஒரே நிறம், ஒரே உருண்டை. தண்ணியோட மடக்குனு முழுங்கிட்டா. கில்லாடிடா நான்! ஒரு நாள்தானே.

மார்ச் 9

இன்று என் சேர்வ் வலைக்கு மேலே ஒரு முழம் போனது. எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. திறமை!

மார்ச் 11

ஒன்னுக்குப் போனா மஞ்சள்னா மஞ்சள், அப்படி ஒரு மஞ்சள். காமாலையா? செத்துருவேனா?

"பவர் நிரம்பி வழியுதுடா" என்கிறான் துஷாந்த். அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 14

அக்காவின் புண் ஆறவில்லை. கொட்டாவி விட்டால் ரத்தம் கசிகிறது. அம்மா போடுவது பூண்டுச் சோறும் கருவாடும்தான். கீரை, முட்டை எல்லாம் பத்தியம் முடிந்த பிறகுதானாம். "இது பத்தியமா, பைத்தியமா?" என்றேன். அகப்பை பறந்து வந்தது.

"சிரிக்க வைக்காதடா, எரியுது" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மாதிரி இருந்துச்சு. ஃபைனல் முடியட்டும்.

மார்ச் 17

மிட்வைஃப் பிரேமினி மிஸ் பாப்பாவை நிறுக்க வந்தாங்க. அக்காவின் வாயைப் பார்த்தாங்க.

"மாத்திரை குடிக்கிறீங்களா மதுரா?"

"ஒரு நாளும் விடல மிஸ்."

"ஒன்னுக்கு மஞ்சளா போகுதா?"

"இல்லையே."

உறையை எண்ணினாங்க. பதினாறு. கணக்கு சரி. "இதைக் குடிச்சா மஞ்சளாத்தானே போகணும்?"

நான் நழுவப் பார்த்தேன். வாசலில் நின்ற துஷாந்த், "ஐயோ மிஸ், மஞ்சளா போறது இவனுக்கு!"

எல்லாம் வெளிய வந்துருச்சு. மிஸ் கத்தல. கத்தியிருக்கலாம். "அம்மா உடம்புல இந்தச் சத்து குறைஞ்சா பால்லயும் குறையும். பாப்பாவுக்கு வேற சாப்பாடு இருக்கா தம்பி?" பிறகு அம்மா பக்கம் திரும்பி, "கீரை, முட்டை இன்னைக்கே குடுங்கம்மா. பத்தியம் போதும்."

"எத்தனைடா எடுத்த?" அம்மா.

"ரெண்டு."

அக்கா பாப்பாவைத் தூக்கிக்கிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிட்டா.

மார்ச் 21

ஃபைனல். மூணு சேர்வ். மூணும் வலையில.

மார்ச் 30

புண் ஆறிவிட்டது. முளைக்கீரை, முட்டை எல்லாம் நடக்கிறது. மாத்திரையை நீட்டினால் அக்கா முதலில் கடித்துப் பார்க்கிறாள். இன்று முகத்தைச் சுளித்து, "ம்... ஒரிஜினல்தான். அமைச்சரே, இப்ப நீங்க வாயத் திறங்க" என்றாள். திறந்து காட்டினேன். சிரித்தாள். எரியவில்லையாம்.

மெய்க்கு அரை மாத்திரை. நான் அன்னைக்குச் சொன்ன மெய் அரைகூட இல்ல. ரெண்டு இல்லக்கா. பதினொன்னு. அந்த ஒரு முழ சேர்வும் பொய். துஷாந்த் வலையை இறக்கிக் கட்டியிருந்தான்.

இந்தக் கொப்பிய நீ களவா எடுத்துப் படிக்கிறது எனக்குத் தெரியும். நேர்ல சொல்ல வாய் வரல, அதான் இங்க எழுதுறேன். அம்மாகிட்ட காட்டிராத.