வெள்ளைத்தாளில் நான் எழுதியது

ஏழு வேலை பார்த்து, ஏழையும் நீயாகவே விட்டுவிட்டு வந்த என் செல்ல அண்ணே,

உனக்கு மூன்றாம் வருஷத் திதியும் கொடுத்து முடித்தாயிற்று. முதல் வருஷமே எழுத நினைத்த கடிதம் இது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயாக இருந்தால் சிரிப்பாய். மற்றவர்கள் எல்லாம் திட்டுவார்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி கூடியிருக்கிறது. நீ கைக்குழந்தையாகப் பார்த்த என் மகள் யாழினி இப்போது எல்.கே.ஜி. போகிறாள். வாரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில் தொலைக்கிறாள். "அப்படியே மாமன உரிச்சு வச்சிருக்கா" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கோ அந்த வார்த்தையைக் கேட்டாலே முதலில் பயம் வரும். பிறகு கோபம் வரும். மாமனை உரித்து வைத்தால் என்ன இப்போது?

உன்னைச் சோம்பேறி என்றார்கள். மூன்று அலாரம் வைத்து, போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுப் படுப்பாய். எழுந்துபோய் மூடியைத் திறந்தால்தான் அணைக்க முடியும். எந்தச் சோம்பேறியாவது இப்படிச் செய்வானா? பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில் பில் போடும் சாஃப்ட்வேரை இரண்டே நாளில் கற்றுக்கொண்டு, கூட இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவன் நீ. நாலாம் மாதம் கல்லாச் சாவியை எங்கே வைத்தாய் என்று கடையே சேர்ந்து தேடியது. மறுநாள் நீ போகவில்லை, ராஜினாமாக் கடிதம்தான் போனது.

"அவய்ங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே நின்னுக்கிடணும் புள்ள. அப்பத்தான் அசிங்கம் இல்ல" என்றாய். நான் அதை நம்பினேன். என் முதல் இரண்டு வேலையையும் அப்படித்தான் விட்டேன். முதலாளி முகம் லேசாகச் சுருங்கினாலே போதும், அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

யாழினி பிறந்தபிறகு எனக்கு ஓயாத பயம். கேஸை அணைத்தேனா, பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுத்தேனா, இரண்டு தடவை கொடுத்துவிட்டேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருவேன். அந்தப் பயத்துக்காகத்தான் மதுரையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் பயத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் கேட்டார். என் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் நிறையக் கேட்டார். மூன்றாவது தடவை போனபோது, ஏ.டி.ஹெச்.டி. என்றார். கவனத்தை ஓரிடத்தில் பிடித்து வைக்கச் சிரமப்படுகிற மூளை, பிறவியிலிருந்தே அப்படி, திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை என்று விளக்கினார்.

"கூடப் பொறந்தவங்க யாருக்கும் இப்படி இருக்காம்மா?" என்று கேட்டார்.

உன்னைப் பற்றியே அரை மணி நேரம் பேசினேன், அண்ணே. நான் கட்டிய ஃபீஸில் பாதி உனக்குத்தான் போனது. உனக்கும் அதுதான் இருந்ததா? நாலு நாள் காய்ச்சலில் போய்விட்ட உன்னை இனி யார் உட்கார வைத்துக் கேட்பது?

இப்போது வடமதுரை போகிற ரோட்டில் ஒரு நூல் மில்லில் இருக்கிறேன். டிஸ்பாட்ச் ஆபீஸ். நூல் மூட்டைகளுக்கு நம்பர் ஸ்டிக்கர் அடித்து, பில் போட்டு, திருப்பூருக்கு லாரி அனுப்புகிற வேலை. ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. நம் இருவரில் யாரும் ஒரே இடத்தில் இவ்வளவு நாள் இருந்ததில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், உதவுகிறது. ஆனால் மாத்திரை வந்து லாரிக்குப் பில் போடாது.

போன மாதம் ஒரு தப்பு செய்தேன்.

மில்லில் பஞ்சுக் கலவை மாறினால் லாட் நம்பரும் மாறும். இரண்டு லாட் நூலை ஒன்றாக ஓட்டித் துணி செய்தால், சாயம் போட்டபிறகு துணி வரிவரியாகத் தெரியும். அன்றைக்கு எண்பது மூட்டை போகவேண்டும். பேக்கிங் பொறுப்பில் இருக்கும் ராமுத்தாய் அக்கா, மதியம் குழாயடியில் வைத்து, "ஏத்தா, அம்பத்தொண்ணுல இருந்து லாட்டு மாறுது, மறந்துறாத" என்றார். நான் உடனே பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அதே குழாயில், அதே கையால், டிபன் பாக்ஸைக் கழுவினேன்.

எண்பதுக்கும் ஒரே லாட் ஸ்டிக்கர். லாரி போய்விட்டது. நாலு மணிக்கு டீ குடிக்கையில் வெறும் உள்ளங்கையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. உடனே டிரைவருக்குப் போன் போட்டேன். வண்டி ஒட்டன்சத்திரம் தாண்டியிருந்தது.

"ஏனுங்க அம்மணி, எதுக்குங்க இப்படி மூச்சு வாங்கறீங்க? வண்டிய ஓரங்கட்டிட்டனுங்க. நான் ஒரு டீயக் குடிக்கறேன், நீங்க ரோசன பண்ணிச் சொல்லுங்க" என்றார் அவர். அந்த மனுஷன் நன்றாக இருக்கவேண்டும்.

யாரும் கண்டுபிடிக்கும் முன்னால் நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். மூட்டை நம்பர் இருந்ததால் தப்பித்தோம். ஐம்பத்தொன்றிலிருந்து உள்ளதைத் தனியாக இறக்கி வைக்கும்படி திருப்பூர் குடோனுக்குச் சொல்லிவிட்டு, வண்டியைப் போகச் சொன்னோம். நூல் கெடவில்லை. ஆனால் மேனேஜர் நூல் வாங்கும் கம்பெனிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது.

மறுநாள் கூப்பிட்டார். எங்கள் மில்லில் யாரையும் போ என்று சொல்லமாட்டார்கள். மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதன்மேல் பேனாவை வைத்து, மெதுவாக நம் பக்கம் நகர்த்துவார்கள். அவ்வளவுதான். புரிந்துகொண்டு எழுதவேண்டும்.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு. நீங்களே எழுதிக் குடுத்துட்டா, அனுபவச் சான்றிதழ் நல்லபடியாத் தந்துருவேன்."

அந்த நிமிஷம் உன் குரல்தான் கேட்டது. முந்திக்கொள், அசிங்கம் இருக்காது என்று. என் கை பேனாவுக்குப் போய்விட்டது. தாளை என் பக்கம் இழுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! எட்டாவது வேலையாக இது உன் கணக்கில் சேர்ந்திருக்கும், அண்ணே. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. உன்மேல். அந்த ஏழு இடத்திலும் ஒரே ஒருதடவை, எனக்கு இது வேண்டும் என்று நீ ஏன் கேட்கவில்லை?

நான் எழுதினேன். லாட் மாறினால் வாயால் சொல்லக்கூடாது. என் மேஜைக்கு எதிரே போர்டில் எழுதவேண்டும். மாறுகிற முதல் மூட்டையில் சிவப்புக் கயிறு கட்டவேண்டும். நான் பில் போடும்போது யாரும் என்னிடம் பேசக்கூடாது. கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பி நகர்த்தினேன்.

படித்தார். மறுபடி படித்தார். "என்னம்மா இது?"

எனக்கு இருப்பது இன்னது என்று சொன்னேன்.

"அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு வர்றது இல்லையா?"

"அந்தச் சின்னப் பிள்ளதான் சார் வளந்து ஒங்க முன்னாடி உக்காந்திருக்கு."

"உங்க ஒருத்தருக்காக மில்லு நடைமுறைய மாத்தணுமா?"

"ஆமா சார். எனக்காகத்தான்."

விட்டத்தைப் பார்த்தார். "ஒரு மாசம் பாப்போம்" என்றார்.

நாளையோடு அந்த மாதம் முடிகிறது. ராமுத்தாய் அக்கா முதல் நாள் "கல்யாணப் பொண்ணு மாதிரி மூட்டைக்கு ரிப்பன் கட்டச் சொல்றாளே" என்று ஹால் முழுக்கக் கேட்கச் சிரித்தார். ஆனால் ஒரு நாளும் கட்டாமல் விட்டதில்லை. என் முதுகுக்குப் பின்னால் "மெண்டல் மேடம்" என்று ஒரு பெயரும் ஓடுகிறது. கேட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது. இந்த மாதத்தில் ஒரு லாட்டும் கலக்கவில்லை. இன்னொரு நாள் ஏதாவது தப்பு வரும், அதுவும் எனக்குத் தெரியும்.

நாளைக்கு அவர் என்ன சொல்வார்? தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அம்மா உன் பெட்டியில் நீ எழுதிய ராஜினாமாக் கடித நகல்களை எல்லாம் வைத்திருக்கிறாள். இன்று எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: "சொந்தக் காரணங்களுக்காக." அது உன் சொந்தக் காரணம் மட்டும்தானா, அண்ணே? உன்னிடம் ஒரு போர்டு வைக்கட்டுமா என்று கேட்காத ஏழு இடத்துக்கும் அதில் பங்கில்லையா?

நீ சொன்ன எத்தனையோ கேட்டிருக்கிறேன். நாமளே முந்தி நின்னுக்கிடணும் என்றதை மட்டும் இனிக் கேட்கமாட்டேன். நாளைக்கு ஏழேகாலுக்கு மில் வேன் வரும், ஏறுவேன். அவர்களுக்கு நான் வேண்டாம் என்றால் அவர்கள் கையால், அவர்கள் காரணத்தை, அவர்களே எழுதட்டும். அந்த ஒரு வரியை நம் குடும்பத்தில் இனி யாரும் எழுதமாட்டோம். யாழினியும் எழுதமாட்டாள். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்குப் பின்னால் பிறந்து, உனக்காகவும் சேர்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்
உன் தங்கச்சி,
செல்வி